பத்து விரலிலும் நீலம்

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் புதிதாகப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையைப் பார்ப்போம். யாரும் சொல்லித் தந்த பழக்கம் இல்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை வைத்தே யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ரேகைக்குள் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியப் பொடி. நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தால் கந்தகம். விரல்நுனி வெளுத்துத் தோல் உரிந்தால் பசை வேலை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, காபி டம்ளரை வாங்கிய கையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். "வெடி மருந்து கலக்குற கை" என்றாள். சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்த குணம். அதுதான் எனக்குச் சோறும் போடுகிறது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள்களைச் சரிபார்ப்பது என் வேலை. மிஷினிலிருந்து தாள் வந்து விழும். லென்ஸைத் தாளின்மேல் வைத்துக் குனிந்து, நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு கலர் நூலளவு விலகியிருந்தாலும் கட்டைக் கழித்துத் தள்ளிவிடுவேன். மிஷின்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "அக்கா கடவுள் படத்தையே கழிச்சு விட்டவுக" என்று கேலி பேசுவார்கள். நிஜமாகவே கழித்திருக்கிறேன். சாமியின் முகம் பச்சையாக வந்திருந்தால் என்ன செய்வது?

கலர்களில் நீலத்தை மட்டும் நான் நம்பவே மாட்டேன். எங்கள் லேபிள்களில் ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வானம் எப்போதும் கருநீலம்தான். மை கொஞ்சம் கூடினால் அது கறுப்பாகிவிடும், குறைந்தால் ஊதாவாகிவிடும், வெயிலில் பார்த்தால் ஒன்று, டியூப்லைட்டில் பார்த்தால் வேறு. வீட்டிலும் பாருங்கள், வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுகிறோம். அது அழுக்கை எடுக்கிறதா? பழுப்பை மறைக்கிறது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு நேர்மாறாக நீலம் என்றால் உயிர். வெடி ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், வானத்தில் பூப்பூவாகச் சிதறும் வெடிகளுக்குக் கலர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். சிவப்பும் பச்சையும் யார் கலந்தாலும் வந்துவிடுமாம். நீலம் மட்டும் லேசில் பிடிபடாதாம். சூடு கொஞ்சம் மீறினால் வெளுத்து வெள்ளையாகிப் போய்விடும் என்பார். தீபாவளிக்கு மொட்டைமாடியில் நின்று ஊரார் வெடிக்கிற வெடியை எல்லாம் குற்றம் சொல்வார். "இது நீலமா? சாம்பல்." எப்போதாவது ஒன்று நல்ல நீலமாக விரிந்தால் பேசாமல் மீசையைத் தடவிக்கொள்வார். அது அவர் கலந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனியில் அவருடைய அறைக்கு அடுத்த அறை வெடித்தது. அவர் தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார். அந்த ஒரு சொம்புத் தண்ணீரால்தான் இன்றைக்கு நான் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த அறையில் இருந்தவர் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகிறவர். அவரை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். துட்டி விசாரித்துவிட்டு அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பியதும் நான் மகளைக் கூப்பிட்டு என் வீட்டுக்காரர் முன்னால் நிறுத்தினேன்.

"புள்ள தலையில கைய வச்சுச் சொல்லுங்க. இனிமே மருந்தத் தொட மாட்டேன்னு."

வைத்தார். சொன்னார். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. எதற்கென்று தெரியாமல் அப்பாவின் கைக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். எங்களிடம் பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. அதை மீறினால் அது அந்தப் பிள்ளையின் தலையிலேயே விடியும் என்று பயப்படுகிற ஆட்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு விருதுநகரில் சூலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. அவுரி இலைக் குடோன். மழை பெய்தால் எங்கள் கரிசல் காட்டில் தானாக முளைத்துக் கிடக்கிற அதே அவுரிதான். சின்ன வயதில் அதை நாங்கள் செடியாகவே மதித்ததில்லை. விஷக்கடிக்கு அரைத்துக் கொடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். இப்போது தலைக்குச் சாயம் போடுவதற்காக வெளிநாட்டுக்குப் போகிறதாம். நிழலில் உலர்த்தி, குச்சியால் அடித்து இலையை உதிர்த்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். குடோனில் சலித்துப் பொடியாக்கி லோடு ஏற்றுவார்கள்.

வேலைக்குப் போன இரண்டாவது வாரம் அவர் சோற்றைப் பிசைந்தபோது பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் நீலமாக இருந்தது. நகம் மூன்றும் கருநீலம்.

"என்னது கையில?"

"அவுரி."

"அவுரி பச்சைல்ல?"

"தண்ணி பட்டா நீலமாயிரும்."

நான் நம்பவில்லை. பச்சை இலையைத் தொட்ட கை நீலமாகுமா? முருங்கை இலையை உருவினால் கை நீலமாகிறதா? நீல மருந்து கலக்குகிற ஆள் நீலக் கையோடு வந்து இலைமேல் பழியைப் போடுகிறார் என்றுதான் என் புத்தி போயிற்று. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு விருதுநகர் பஸ்ஸைப் பிடித்தேன்.

குடோன் வாசலில் என்னைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. எதற்கு வந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே அழைத்துப் போனார். மற்றவர்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை, புருவம் எல்லாம் பச்சைத் தூசி. இவருக்குத் தனி மேசை. வருகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு கரண்டிப் பொடி எடுத்து, கிண்ணத்தில் வெந்நீர் விட்டுக் குழைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பது இவர் வேலை. மருந்து கலக்கிப் பழகிய கை என்பதால் முதலாளி இதற்கு உட்காரவைத்திருக்கிறார். என் விரலைப் பிடித்து அந்தக் குழம்பில் முக்கி எடுத்தார். மருதாணி அரைத்த மாதிரி பச்சையாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் என் விரல் மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது.

"பாத்தியா?" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனுஷனைக் குற்றவாளி மாதிரி ஊர் கடந்து வந்து வேவு பார்த்திருக்கிறேன். திரும்பும்போது வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அவருடைய சட்டையைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கூச்சமாக இருந்தது.

அவர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஒரு பொட்டலம் பொடி கொண்டுவந்து கொடுத்தார். "உனக்குந்தான் நரைச்சுப் போச்சு" என்றார். முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி. முடி நல்ல கறுப்பாகிவிட்டது. கையுறை போடச் சொல்லியும் போடாததால் என் விரல்களும் நீலமாகிவிட்டன. அச்சகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பெருமையாகக் காட்டினேன். தோலில் பட்டது ஒரு வாரத்தில் போய்விட்டது. நகத்தில் ஏறியது போகவில்லை. நகம் வளர வளர நீலம் மேலே ஏறியது, அடியில் வெள்ளைப் பிறை பிறையாகத் தெரிந்தது. தினமும் லென்ஸோடு இருக்கிறவள் அல்லவா, அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் போனதும் பாதி நகம் வெள்ளை.

அவர் கையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். குற்ற உணர்ச்சிதான். சாப்பிடும்போது அவர் கை பக்கம் கண் போனால் வேண்டுமென்றே குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொள்வேன்.

கோடையில் இலை வரத்து நின்றுவிட்டது. அவரே சொன்னார். "லோடு வரல. இருக்கிற மூட்டையைத் தைக்கிற வேலைதான். மழை விழுந்தாத்தான் இனி சாம்பிள் பாக்கணும்." சரி என்றேன். அதே டிபன் கேரியர், அதே நேரம், அதே வண்டி. இரண்டு மாதம் அப்படியே போனது.

ஒருநாள் என் நகத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது கடைசி நீலமும் துண்டாக வந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரில் அவர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாளின் இரண்டு ஓரத்திலும் பத்து விரல். பத்தும் நீலம். அடியில் ஒரு விரலிலாவது வெள்ளைப் பிறை இல்லை. நகம் முளைக்கிற இடம்வரை கருநீலம்.

கோணி தைக்கிறவருக்கு நீலம் எங்கிருந்து வந்தது? அதோடு, சாம்பிள் பார்த்த காலத்தில் வலது கையில் மூன்று விரல்தானே நீலமாக இருக்கும்? இடது கை கிண்ணத்தைப் பிடிக்கிற கை, அது சுத்தமாக இருக்கும். இப்போது கட்டை விரல்கூட மிச்சமில்லை. தாளில் மை இழுத்த மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருந்தது. தற்செயலாகப் பட்ட சாயம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அவர் குளிக்கப் போன நேரம் வண்டிப் பெட்டியைத் திறந்தேன். வண்டிப் பேப்பர் தேடினேன் என்று சொன்னால் பொய். சந்தேகப்பட்டுத்தான் தேடினேன். துடைக்கிற துணிக்கு அடியில் அவுரிப் பொட்டலம் ஒன்று, பிரித்து ரப்பர் பேண்டு போட்டது. பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. டப்பாவின் உள்பக்கம் முழுக்க நீலம்.

அப்படியே வைத்து மூடினேன். இன்னும் ஒன்று பார்க்க மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் அசந்து தூங்கும்போது, அச்சகத்து லென்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் கையின்மேல் வைத்தேன். மடிப்புகளில், நீலத்துக்கு அடியில், பொடிப்பொடியாக வெள்ளி மினுங்கியது. அலுமினியப் பொடி.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். திரும்ப மருந்தைத் தொட்டார் என்பதற்காக மட்டும் இல்லை. நான் கையைப் பார்ப்பவள் என்று அவருக்குத் தெரியும். நீலத்தைக் கண்டால் அவுரி என்று நம்பிவிடுவேன் என்றும், ஒரு தடவை வெட்கப்பட்டதால் மறுபடி கேட்க மாட்டேன் என்றும் தெரியும். என் கண்ணை அளவெடுத்து அதற்கேற்ற பொய்யைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். விஷத்தை முறிக்கிற இலை என்று பேர். அதை வைத்து என் வீட்டுக்குள் விஷத்தை மூடி எடுத்து வந்திருக்கிறார்.

சாயங்காலம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் டீயோடு வந்து நின்றார்.

"இங்கன வாங்க" என்றேன்.

"என்ன?"

"புள்ள தலையில கைய வைங்க."

சிரித்தார். "எதுக்கு?"

"சும்மாத்தான். அன்னிக்கு வச்சீகள்ல, அதே மாதிரி. மருந்தத் தொடலைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு டீயக் குடிங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு என்ன தெரியும், ஏதோ விளையாட்டு என்று நினைத்து இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துத் தன் தலையை நோக்கி இழுத்தாள்.

"தொடாத புள்ள!" என்று கத்திக் கையைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் அவளிடம் அதுவரை கத்தியதே இல்லை. பாதிப் பின்னலோடு எழுந்து ஓடிவிட்டாள். அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார்.

பிறகு எல்லாம் சொன்னார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஷெட். தெரிந்த போர்மேன் ஒருவர் சீசன் ஆர்டருக்காக வந்து கூப்பிட்டிருக்கிறார். குடோனில் இலை வரத்து நின்றதும் அங்கே போய்விட்டார். தினமும் சூலக்கரைக்கு என்று டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறார்.

"துட்டுக்காகன்னு நெனைக்காத" என்றார். "வேற ஆளு கலந்து பாத்தாக. நீலம் வரல. வெளுத்துப் போகுது. செவப்பும் பச்சையும் எவன் வேணாலும் போடுவான். நீலம் நாந்தான் போடணும்னு வீடு தேடி வந்தாக."

"உங்க நீலத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க" என்றேன். "மேல போயி ஒரு நிமிசங்கூட நிக்காது. அதுக்கா எங்கள விட்டுட்டுப் போகப் பாக்கீக? அன்னிக்கு மூட்டையாக் கட்டிக் குடுத்தாகளே, மறந்து போச்சா?"

நான் அதற்கப்புறம்தான் அழுதேன். அவரும் அழுதார். சத்தியம் செய்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை, செய்யுங்கள் என்று நானும் கேட்கவில்லை. ஒருமுறை வைத்து எடுத்த கை, அதை மறுபடி அவள் தலைக்குக் கொண்டுபோக எனக்கே மனம் வரவில்லை.

"சத்தியமெல்லாம் வேணாம்" என்றார் கடைசியில். "தெனமும் கையப் பாத்துக்கோ."

மறுநாளிலிருந்து விருதுநகரில் மிளகாய் வத்தல் குடோனுக்கு மூட்டை தூக்கப் போனார். சாயங்காலம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டுவார். தும்மிக்கொண்டே நீட்டுவார், கண் சிவந்திருக்கும். நான் லென்ஸை எடுப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்கள், "என்னக்கா, மாப்பிள்ளைக்கு ரேகை பாக்கீகளா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். முதல் மாதம் நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை வந்தது. பிறகு நீலம் மெதுவாக மேலே ஏறியது. அப்போதும் என் மனம் ஆறவில்லை. மருந்து கலக்குகிறவர் கையுறை போட்டுக்கொண்டு போகலாமே, சோப்புப் போட்டுத் தேய்க்கலாமே, ஷெட்டிலேயே குளித்துவிட்டு வரலாமே. ஒருமுறை ஏமாந்த கண் கண்ணையே நம்புவதில்லை. வத்தல் நெடி சட்டையில் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். ஒரு கைப்பிடி வத்தலைப் பையில் போட்டுக்கொண்டால் சட்டை நெடியடிக்காதா என்றும் யோசித்தேன்.

மூன்று நான்கு மாதம் இப்படிப் போயிற்று. தீபாவளியும் வந்தது.

இருட்டத் தொடங்கும்போது மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். அவர் கையால் ஒரு மத்தாப்புப் பூக்குச்சியைக்கூடத் தொடவில்லை. மகள்தான் கொளுத்தினாள். சுற்றிலும் வானம் பற்றிக்கொண்டது. சிவப்பு வந்தது, பச்சை வந்தது. நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். கோடையில் அவர் கலந்ததெல்லாம் அப்போதே வடக்கே லோடு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு செய்த சரக்கில் ஒரு நல்ல நீலம் விரிந்தால், பக்கத்தில் இருப்பவர் மீசையைத் தடவுவதற்கு முன்பே நான் கண்டுகொள்வேன்.

கிழக்கே ஒரு பெரிய வெடி ஏறி, பிளந்து, பூவாக விரிந்தது.

"அம்மா, நீலம்!" என்று கத்தினாள் மகள்.

நீலம்தான். ஆனால் வெளுத்த நீலம். ஓரமெல்லாம் சாம்பல் அடித்து, பாதியிலேயே வெள்ளையாகிப்போனது. அடுத்தது வந்தது, அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அந்த ஷெட்டில் இப்போது வேறு யாரோ கலந்துகொண்டிருக்கிறார். அவர் வீட்டிலும் ஒருத்தி கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அது மனதைக் கிள்ளியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இவர் கை அதில் இல்லை என்று இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக நம்பினேன்.

"இது நீலமா?" என்றார் அவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "வெளுத்துப்போயி, தூ."

கைப்பிடிச் சுவரில் இருந்த அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகநுனியில் மட்டும் மெல்லிய கோடாக நீலம் மிச்சமிருந்தது. அச்சகத்தில் அந்த மாதிரி ஒரு நீலம் தாளில் வந்திருந்தால் முழுக்கட்டையும் கழித்துத் தள்ளியிருப்பேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.